ஆங்கில வகுப்பில் பிள்ளைகளின் வாய்க்கு எத்தனை நிமிடம்?

40 நிமிட பீரியட், 40 பிள்ளைகள். வருகைப் பதிவு, வீட்டுப்பாட நோட்டு என்று 5 நிமிடம் போய்விடும். ஆசிரியர் பாடத்தை வாசித்து, விளக்கி, கரும்பலகையில் எழுத 25 நிமிடம். மிச்சம் 10 நிமிடம். அந்த 10 நிமிடமும் பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசினால்கூட ஆளுக்கு 15 நொடிதான். வருடத்துக்கு 200 நாள் பள்ளி நடந்தால், ஒரு பிள்ளை வருடம் முழுக்க வகுப்பில் ஆங்கிலம் பேசிய நேரம் 50 நிமிடம். பத்து வருடம் ஆங்கிலம் படித்தும் ஒரு வாக்கியம் பேச வரவில்லையே என்று பெற்றோர் ஆதங்கப்படுவதற்கான விடை பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

அதே 10 நிமிடத்தைப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் பேசச் செலவிட்டால் ஆளுக்கு 5 நிமிடம் கிடைக்கும். வருடத்துக்கு 16 மணி நேரத்துக்கு மேல். கூடுதல் ஆசிரியரோ கருவியோ இதற்குத் தேவையில்லை. வகுப்பை நடத்தும் விதத்தை மாற்றினால் போதும்.

ஆனால் வெறுமனே "பேசுங்க" என்று விட்டால் பேச்சு வராது, சத்தம்தான் வரும். எல்லா வாயும் திறக்கும்படி வேலை கொடுக்க வேண்டும். திறந்தால் என்ன பிழை வரும் என்பதும் ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தமிழ் பேசும் பிள்ளைகளின் ஆங்கிலப் பிழைகளில் பெரும்பகுதி தமிழின் வழியே வருபவை. எந்த ஊர்ப் பிள்ளையானாலும் அதே இடங்களில்தான் தடுமாறுகிறது. அந்த இடங்களை அறிந்து வைத்திருக்கும் ஆசிரியருக்கு வேலை பாதியாகக் குறையும்.

எழுத்துக்கு முன் ஒலி

ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகள் ஏறக்குறைய 44. தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளை, எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரிந்துவிடும் என்ற எதிர்பார்ப்போடுதான் ஆங்கிலத்துக்கு வருகிறது. நாமோ எழுத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கொடுக்கிறோம். ஸி, ஏ, டி என்று மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டு அது பூனை என்றால், அந்த மூன்று பெயர்களிலிருந்து 'கேட்' எப்படிப் பிறந்தது என்று பிள்ளைக்குப் புரிவதில்லை. புரியாத பிள்ளை சொல்லை முழுப் படமாக மனப்பாடம் செய்யத் தொடங்குகிறது. இரண்டாம், மூன்றாம் வகுப்பு வரை இது ஓடும். பிறகு சொற்கள் பெருகும்போது மனப்பாடம் கைவிட்டுவிடும்.

இங்கே தமிழ் படித்த பிள்ளைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. புள்ளி வைத்த மெய்யெழுத்து அதற்குத் தெரியும். ப் என்ற மெய்யும் இ என்ற உயிரும் சேர்ந்தால் பி என்பதும் தெரியும். ஆங்கிலத்தில் ஒலிகளைக் கூட்டி வாசிப்பதும் இதே வேலைதான். எஸ் என்ற எழுத்தின் ஒலி 'ஸ'வும் இல்லை, 'எஸ்'ஸும் இல்லை, புள்ளி வைத்த 'ஸ்' என்று ஒருமுறை சொன்னால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். மெய்யோடு ஓர் 'அ' ஒட்டிக்கொண்டால் ஸ–இ–ட என்றாகி, சொல் கூடவே கூடாது. தொடக்க வகுப்புகளில் கூட்டி வாசிப்பது தடைபடுவதற்கு முக்கியக் காரணம் இந்த 'அ'தான்.

அகர வரிசையில் போக வேண்டியதில்லை. ஒலிவழி வாசிப்பில் பரவலாக முதலில் எடுக்கப்படுபவை ஆறு எழுத்துகள்: எஸ், ஏ, டென் என்பதில் வரும் டி, பென் என்பதில் வரும் பி, ஐ, என். இந்த ஆறை வைத்தே ஸிட், பின், டின், டிப், ஸிப், நேப், ஸ்பின் என்று ஏராளமான சொற்களைப் பிள்ளை தானாகவே வாசிக்கும். தானாக வாசித்த முதல் சொல் தரும் துணிச்சல், 26 எழுத்தையும் ஒப்பித்தால் வராது.

ஒரு ஒலிக்கு 10 நிமிடம் போதும். முதலில் காது: ஆசிரியர் எட்டு சொற்களைச் சொல்வார், அந்த ஒலியில் தொடங்கும் சொல்லுக்குப் பிள்ளைகள் கை தூக்குவார்கள். அப்புறம் எழுத்தைக் காட்டி, விரலால் காற்றில் எழுதச் செய்வது. அடுத்து, ஏற்கெனவே தெரிந்த எழுத்துகளோடு கூட்டி நான்கைந்து சொற்கள். கடைசியில் மூன்று சொல் டிக்டேஷன். அந்த மூன்றைப் பார்த்தாலே யாருக்குக் காதில் விழவில்லை என்பது தெரிந்துவிடும். இப்படி அடிப்படை ஒலிகள் வந்த பிறகு, கடைசியில் ஒரு 'இ' எழுத்து சேர்ந்தால் நடு உயிர் மாறுவதை எடுக்கலாம்: பின் பைன் ஆகும், கிட் கைட் ஆகும், ஹாப் ஹோப் ஆகும். 'வாஸ்', 'ஸெட்', 'ஒன்', 'தே' போன்று ஒலிக்கும் எழுத்துக்கும் ஒத்துவராத சொற்களை மட்டும் பார்த்தவுடன் சொல்லும் சொற்களாகத் தனியே பழக்க வேண்டும். இப்படி அடிக்கடி வரும் 220 சொற்களை எட்வர்ட் டால்ச் 1936-லேயே தொகுத்தார். இன்றும் அந்தப் பட்டியல் பயன்படுகிறது.

ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதி வைக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்கு உதவி என்று நினைத்துப் பெற்றோரும், சில சமயம் ஆசிரியர்களும் இதைச் செய்கிறார்கள். 'பேட்' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். அது கிரிக்கெட் மட்டையா, கெட்டது என்ற பொருளா, முதுகில் தட்டிக்கொடுப்பதா, பரீட்சை எழுதும் அட்டையா? ஆங்கிலத்தில் நான்கும் நான்கு வேறு ஒலிக் கோவைகள். தமிழ் எழுத்தில் நான்கும் ஒன்றாகிவிடுகின்றன. அந்தத் தமிழ் எழுத்தைப் பார்த்தே படித்த பிள்ளைக்கு நான்குக்கும் வேறுபாடு இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. கண் எப்போதும் பழகிய எழுத்துக்குத்தான் போகும் என்பதால், கீழே இருக்கும் ஆங்கில எழுத்தைப் பிள்ளை பார்ப்பதுகூட இல்லை. தமிழில் பொருள் எழுதட்டும், தவறில்லை. உச்சரிப்பை எழுத விடக் கூடாது.

அந்த வேறுபாட்டைக் காதுக்குக் கொண்டுவர 'பம்பரம்' என்ற சொல்லே போதும். முதல் ப-வில் தொண்டை அதிர்வதில்லை, இரண்டாவது ப-வில் அதிர்கிறது. தொண்டையில் இரண்டு விரலை வைத்து மெதுவாகச் சொல்லச் சொன்னால் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். குங்குமத்தில் இரண்டு க, பட்டத்திலும் பாடத்திலும் ட இதே மாதிரி. ஆக, இரண்டு ஒலியும் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழில் இடத்தைப் பொறுத்துத் தாமாக மாறுபவை, ஆங்கிலத்தில் பொருளையே மாற்றுகின்றன. அதைக் கவனிக்கச் செய்தால் போதும். அடுத்த படி, இரண்டு விரல் அகலக் காகிதத் துண்டை உதட்டுக்கு நேரே பிடிப்பது. பேனாவுக்கான பென்னைச் சொல்லும்போது காகிதம் அசைய வேண்டும், மணிக்கான பெல்லைச் சொல்லும்போது அசையக் கூடாது. தமிழ் ப-வுக்குக் காகிதம் அசையாது என்பதால்தான் நம் பிள்ளைகள் சொல்லும் பென், கேட்பவர் காதில் வேறாக விழுகிறது.

எல்லா ஒலிக்கும் இப்படி நேரம் செலவழிக்க முடியாது, தேவையுமில்லை. 'திங்க்', 'திஸ்' என்பவற்றில் வரும் ஒலியை நம் பிள்ளைகள் த-வாகச் சொன்னாலும் கேட்பவருக்குப் புரிகிறது. அதை விட்டுவிடலாம். சொல்லின் கடைசியில் உகரம் சேர்ப்பதை விடக் கூடாது: பஸ்ஸு, புக்கு. ஸ்கூலுக்கு முன் 'இ' போட்டு இஸ்கூல் ஆக்குவது, எக் என்பதை யெக் என்றும் ஒன்லி என்பதை வொன்லி என்றும் சொல்வது இவையும் அப்படியே. இஸ்கூலுக்கு மருந்து எளிது: பாம்பு சீறுவது போல் 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டச் சொல்லி, நிறுத்தாமல் 'கூல்' சேர்ப்பது. உகரத்துக்கு, கடைசி மெய்யில் உதட்டையோ நாக்கையோ அப்படியே நிறுத்தி ஒரு நொடி வைத்திருக்கப் பழக்க வேண்டும்.

சொல்லின் கடைசியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், ஆங்கில இலக்கணத்தில் பாதி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பன்மையும் இறந்தகாலமும் சொல்லின் வாலில் வருகின்றன. வாலை விழுங்குகிற பிள்ளைக்கு இலக்கணமும் விழுங்கப்பட்டுவிடும். இறந்தகாலத்தில் எழுத்து ஒன்றாக இருந்தாலும் ஒலி மூன்று. 'வாக்' என்பதற்குப் பின்னால் தொண்டை அதிராத ட், 'பிளே' என்பதற்குப் பின்னால் தொண்டை அதிரும் ட், 'வான்ட்' என்பதற்குப் பின்னால் மட்டும் 'இட்'. டி ஒலிகள் இரண்டில் ஏதாவது ஒன்றில் முடியும் வினைக்குத்தான் கூடுதல் அசை. இதைச் சொல்லாமல் எழுத்தைப் பார்த்து வாசிக்க விட்டால் வாக்கெட், ஜம்ப்பெட் என்றுதான் வரும்.

அழுத்தத்துக்கு வாரம் 5 நிமிடம் ஒதுக்கலாம். தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல் மாறாது. ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் கேட்பவர் தடுமாறுகிறார். ஃபோட்டோகிராஃபில் முதல் அசை, ஃபொட்டாகிரஃபியில் இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக்கில் மூன்றாவது. அழுத்தம் வரும் அசைக்கு மட்டும் கை தட்டச் சொன்னால் சின்னப் பிள்ளைகள்கூட விளையாட்டாகப் பிடித்துக்கொள்வார்கள்.

வாக்கியத்தில் தமிழ் தெரியும் இடங்கள்

'அப்பா டாக்டர்' என்பது தமிழில் முழு வாக்கியம். அதனால் 'மை ஃபாதர் டாக்டர்' என்று வரும். 'ரெண்டு பேனா' என்பது தமிழில் சரி. அதனால் 'டூ பென்'. 'எங்க டீச்சர் வராங்க' என்பதில் இருக்கும் மரியாதைப் பன்மை, 'மை டீச்சர், தே ஆர் கமிங்' என்று நிற்கும். இது மரியாதை தெரிந்த பிள்ளையின் பிழை. ஆங்கிலத்தில் ஒருவரைப் பற்றிப் பேசும்போது மரியாதைக்காக வினையை மாற்ற வேண்டியதில்லை, ஷீ என்று சொல்வது அவமரியாதை ஆகாது என்று வெளிப்படையாகச் சொன்னால் அந்தத் தயக்கம் போய்விடும். 'நீ வரலையா?' என்றால் 'ஆமா, வரல' என்பது நம் வழக்கம். ஆங்கிலத்தில் அந்த 'ஆமா' வந்தால் கேட்டவர் குழம்பிப்போவார். அங்கே 'நோ, ஐம் நாட்' என்றுதான் வர வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் தொல்லை தருவது கேள்வி அமைப்பு. தமிழில் 'போனாய்' என்பதோடு ஆ சேர்த்தால் கேள்வி. ஆங்கிலத்தில் 'டிட்' என்ற புதிய ஆள் வந்து முன்னால் நிற்கிறார், வந்தவர் இறந்தகாலத்தையும் தூக்கிக்கொள்கிறார். விதியாகச் சொன்னால் தலையாட்டுவார்கள், மறுநாள் 'டிட் யூ வென்ட்' என்பார்கள். கண்ணால் காட்டினால் நிற்கும். காலண்டர் அட்டையை வெட்டி, கால் பக்க அளவில் ஐந்து அட்டைகள் தயார் செய்யுங்கள்: யூ, வென்ட், டு, த லைப்ரரி, டிட். 'வென்ட்' அட்டையின் பின்பக்கம் 'கோ' என்று இருக்க வேண்டும். நான்கு பிள்ளைகள் அட்டையோடு வரிசையாக நின்று 'யூ வென்ட் டு த லைப்ரரி' என்று காட்டுவார்கள். ஐந்தாவது பிள்ளை 'டிட்' அட்டையோடு வந்து முன்னால் நிற்கும்போது, 'வென்ட்' பிடித்திருக்கும் பிள்ளை தன் அட்டையைத் திருப்ப வேண்டும். முதல் தடவை மறக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே "திருப்பு, திருப்பு" என்று கத்துவார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்த விளையாட்டு. எதிர்மறைக்கும் அதே அட்டைகள் போதும், 'டிட் நாட்' மட்டும் யூவுக்கும் வினைக்கும் நடுவில் வரும். ஒரு வாரம் கழித்து ஸா–ஸீ, ஏட்–ஈட், கேம்–கம் என்று வினையை மாற்றிச் செய்யுங்கள்.

'ஷீ ஈட்ஸ்', 'ஹீ கோஸ்' என்பதில் வரும் ஸ் ஒலிக்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள். தமிழ் வினையில் ஆளுக்கு ஆள் விகுதி மாறும், அதனால் பிள்ளைக்கு இது புதிய கருத்தே இல்லை. இருந்தும் பேச்சில் இது கடைசியாகத்தான் நிலைக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து ஆராய்ந்து ரோஜர் பிரவுன் 1973-ல் வெளியிட்ட முடிவுகளில்கூட 'இங்' விகுதி முதலில் வருகிறது, இந்த ஸ் வெகுவாகப் பின்தங்கி வருகிறது. எழுத்தில் கேளுங்கள். பேச்சில் கொஞ்ச காலம் பொறுங்கள்.

திருத்துவது எப்போது, எப்படி

"யெஸ்டர்டே ஐ கோ டு மை ஆன்ட்டி ஹவுஸ், மிஸ்."

"யெஸ்டர்டே…?"

(மூன்று நொடி மௌனம்.)

"ஐ… வென்ட். ஐ வென்ட் டு மை ஆன்ட்டி ஹவுஸ்."

"குட். ஹூஸ் ஹவுஸ்?"

"ஆன்ட்டீஸ் ஹவுஸ், மிஸ்."

"அப்படித்தான்மா. இப்ப முழுசா ஒரு தடவை சொல்லு."

இங்கே ஆசிரியர் சரியான வடிவத்தைச் சொல்லவே இல்லை. பிழை இருக்கும் இடத்தை மட்டும் தொட்டுவிட்டுக் காத்திருந்தார். வழக்கமாக நடப்பது வேறு: பிள்ளை 'ஐ கோ' என்றவுடனே ஆசிரியர் 'ஓ, யூ வென்ட்' என்று தானே திருத்திச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். லிஸ்டர், ரான்டா என்ற இருவர் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்தும் திருத்தம் இதுதான் என்பதும், பிள்ளைகள் தாங்களே திருத்திக்கொள்ள மிகக் குறைவாகத் தூண்டுவதும் இதுதான் என்பதும் தெரிந்தது. ஆசிரியர் தன் பேச்சை ஆமோதிக்கிறார் என்றே பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

மௌனம் பல ஆசிரியர்களுக்குக் கடினம். கேள்வி கேட்டு ஒரு நொடிக்குள் அடுத்த பிள்ளைக்குத் தாவுகிறோம். மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளில் செய்த ஆய்வு, காத்திருப்பை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன என்று காட்டியது. இரண்டாம் மொழி வகுப்பில் இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் பிள்ளை பதிலை யோசித்து, பிறகு அதற்கான சொல்லையும் தேட வேண்டும். மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள்.

பிள்ளை ஆர்வமாக எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் வெட்டக் கூடாது. ஒரு துண்டுக் காகிதத்தில் பிழைகளைக் குறித்துக்கொண்டு, கடைசி 4 நிமிடத்தில் நான்கு வாக்கியங்களைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, வகுப்பையே திருத்தச் சொல்லலாம். கட்டுரை நோட்டு என்றால், அந்த வாரம் நடத்திய ஒன்றை மட்டும் திருத்துங்கள். இறந்தகாலம் நடந்த வாரத்தில் இறந்தகாலம் மட்டும். 40 நோட்டில் எல்லாப் பிழையையும் திருத்தினால் நோட்டுக்கு 3 நிமிடம் வீதம் 2 மணி நேரம். பக்கம் முழுக்கச் சிவப்பு மையைப் பார்க்கும் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நோட்டை மூடிவிடும். அந்த இரண்டு மணி நேரம் வீண்.

சொல் எப்படித் தங்கும்

இம்போசிஷனால் சொல் தங்காது. பத்து முறை எழுதச் சொன்னால் முதல் எழுத்தைப் பத்து முறை மேலிருந்து கீழாக எழுதி, அப்புறம் இரண்டாவது எழுத்தை அடுக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அங்கே வேலை செய்வது கை மட்டும்தான். பார்த்து, மூடி, எழுதி, திறந்து சரிபார்ப்பது நான்கு முறை செய்தால் போதும். மறந்துபோய்த் திரும்ப நினைவுக்குக் கொண்டுவரும் அந்த முயற்சிதான் சொல்லைப் பதிய வைக்கிறது.

ஒரு வகுப்புக்கு 6 முதல் 8 புதிய சொற்கள். அதற்கு மேல் கொடுத்தால் எதுவும் நிற்காது. அவற்றை மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இடைவெளி கூட்டிக் கூட்டித் திரும்பக் கேட்க வேண்டும். வகுப்பில் ஒரு பழைய ஷூ டப்பாவை வைத்து, அட்டையால் நான்கு அறையாகப் பிரித்துக்கொள்ளலாம். சொல் அட்டை முதல் அறையில் தொடங்கும். வகுப்பு சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு நகரும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். அட்டையின் முன்பக்கம் சொல்லை மட்டும் எழுதாமல், சொல் வர வேண்டிய இடம் கோடிட்ட ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'மிஸ்டேக்' தனியாக நின்றால் பிள்ளை 'டூ எ மிஸ்டேக்' என்று சொல்லும். 'மேக் எ மிஸ்டேக்' என்று சேர்த்தே கற்றால் அந்தப் பிழைக்கு இடமில்லை.

எந்தச் சொற்கள்? பாடநூல் கொடுப்பவை எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. வங்கத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மைக்கேல் வெஸ்ட் 1953-ல் வெளியிட்ட ஏறக்குறைய 2000 சொற்களின் பட்டியல், அடிக்கடி வருபவை எவை என்பதற்கு இன்றும் நல்ல வழிகாட்டி. பாடத்தின் கடைசியில் கட்டம் கட்டிக் கொடுத்திருக்கும் அரிய சொல்லைவிட 'ஈவன் தோ', 'இன்ஸ்டெட்', 'அன்லெஸ்' போன்றவை பிள்ளைக்கு நூறு மடங்கு வேலைக்கு வரும். இவற்றுக்குத் தமிழில் பொருள் சொல்வதில் தயக்கம் வேண்டாம். 'இருந்தாலும்' என்று ஒரே சொல்லில் முடிவதை ஆங்கிலத்திலேயே விளக்க 5 நிமிடம் செலவழிப்பது பிள்ளையின் பேச்சு நேரத்தைத் தின்பதாகும். வரிக்கு வரி தமிழில் மொழிபெயர்த்து நடத்துவதைத்தான் நிறுத்த வேண்டும். அப்படி நடத்தினால் ஆங்கில வரி ஓடும்போது பிள்ளை கேட்பதே இல்லை, பின்னால் தமிழ் வரும் என்று அதற்குத் தெரியும்.

ஜோடிப் பேச்சு ஏன் சந்தைக்கடை ஆகிறது

பெரும்பாலும் பேச எதுவும் இல்லாததால். இரண்டு பேருக்கும் ஒரே விஷயம் தெரிந்திருந்தால் பேச்சுக்குத் தேவையே இல்லை. ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லாதபோதுதான் கேள்வி பிறக்கும். ஒரு பேருந்து நேர அட்டவணையை இரண்டு தாளில் எடுங்கள். முதல் தாளில் நான்கு இடம் காலி, இரண்டாவது தாளில் வேறு நான்கு இடம் காலி. தாளைக் காட்டாமல் கேட்டு நிரப்ப வேண்டும். என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டம் இதைவிட ஒரு படி மேலே போனது: அட்டவணையைப் பார்த்து, எந்த வண்டியில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்று யோசித்துக் கண்டுபிடிக்கும் பணிகள். மனம் விடையைத் தேடும்போது மொழி அதன் பின்னால் வரும் என்பது அவருடைய நம்பிக்கை. பெரிய வகுப்புகளில் இந்த மாதிரிப் பணிகள் நன்றாக எடுபடுகின்றன.

நடத்தும் முறையில் சில விஷயங்கள் பிசகக் கூடாது. முன் பெஞ்ச் பின்னால் திரும்பி உட்கார்ந்தால் போதும், மேசை நகர்த்த வேண்டாம். தாளைக் கொடுப்பதற்கு முன்பே என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு பிள்ளையோடு சேர்ந்து ஆசிரியர் செய்து காட்ட வேண்டும். தாள் கைக்குப் போன பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். நேரம் 3 நிமிடம், கூடுதலாக வேண்டாம். நிறுத்தும் சைகை ஒன்றை முதல் வாரமே பழக்கிவிடுங்கள். ஆசிரியர் கையைத் தூக்கினால் பார்த்தவர்கள் எல்லாரும் கையைத் தூக்கி வாயை மூடுவது பலிக்கும், கத்தி அடக்குவது பலிக்காது.

பிள்ளைகள் தமிழில் பேசிக்கொண்டால் அது சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். வேண்டிய வாக்கியம் கையில் இல்லை என்று அர்த்தம். 'வாட் டைம் டஸ் த பஸ் லீவ்?' என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சொல்லை அழித்துக்கொண்டே வாருங்கள். ஆறு சுற்று முடிந்ததும் பலகை காலியாக இருக்கும், வாக்கியம் பிள்ளைகளிடம் இருக்கும். கூடவே 'கேன் யூ ஸே தட் அகெய்ன்?', 'ஹவ் டு யூ ஸ்பெல் இட்?', 'வாட் டஸ் இட் மீன்?', 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்' ஆகிய நான்கையும் சுவரில் ஒட்டி வையுங்கள். முதல் மாதம் இவை வந்தாலே பெரிய விஷயம்.

எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. உச்சரிப்புக்கு 2 நிமிடம் நல்லது. அதற்கு மேல் போனால் முன் வரிசை சொல்லும், பின் வரிசை முணுமுணுக்கும்.

கேட்டு எழுதுவதை டிக்டேஷனாக மட்டும் முடிக்காமல், பேச்சோடு சேர்க்க ஒரு வழி இருக்கிறது. 5 வாக்கியம், 50 முதல் 60 சொல் உள்ள ஒரு சின்னப் பத்தி எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வாசிக்கும்போது பேனா கீழே. இரண்டாவது தடவை முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம். பிறகு நான்கு பேர் சேர்ந்து 10 நிமிடத்தில் பத்தியை மறுபடி உருவாக்க வேண்டும். அச்சாக அதே சொற்கள் தேவையில்லை, பொருளும் இலக்கணமும் சரியாக இருக்க வேண்டும். கடைசியில் மூலப் பத்தியைக் காட்டி ஒப்பிடுவது. இதில் கெடுவது மூன்று இடங்களில். பத்தி நீளமாக இருப்பது ஒன்று. ஆசிரியர் சொல் சொல்லாக நிறுத்தி வாசிப்பது இன்னொன்று, அப்படி வாசித்தால் அது பழைய டிக்டேஷனாகிவிடும், இயல்பான வேகத்திலேயே வாசிக்க வேண்டும். மூன்றாவது, நன்றாகப் படிக்கும் பிள்ளை பேனாவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தானே எழுதிவிடுவது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பேனா கை மாற வேண்டும் என்று விதி வையுங்கள். அப்போது எழுதத் தடுமாறும் பிள்ளைக்கு மற்ற மூவரும் சொல்லித் தந்தே ஆக வேண்டும்.

தானாக வாசிக்கும் புத்தகம் பாடநூலைவிட எளிதாக இருக்க வேண்டும். 100 சொல்லில் தெரியாதது 2-க்கு மேல் போனால் வாசிப்பு வேலையாக மாறிவிடும். பக்கத்தை வாசிக்கும்போது தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள், ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடலாம்.

கட்டுரைக்கு மனப்பாடத்துக்குப் பதில் ஆறு வாக்கிய மாதிரிப் பத்தி ஒன்றைக் கொடுத்து, அதில் ஐந்து விவரங்களை மாற்றித் தன் வீட்டைப் பற்றி, தன் நண்பனைப் பற்றி எழுதச் சொல்லலாம். அடுத்த முறை மாதிரியில் கடைசி இரண்டு வாக்கியங்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

பேசாத பிள்ளையும் வாசிக்காத பெரிய பிள்ளையும்

புதிய மொழியில் கொஞ்ச காலம் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது பல பிள்ளைகளுக்கு இயல்பு. அந்தக் காலத்தில் எழுப்பி நிறுத்திப் பேசச் சொன்னால் பயம்தான் வளரும். பதில் சொல்லும் வழியை எளிதாக்குங்கள். முதலில் காட்டுவது: 'ஷோ மீ த ரெட் ஒன்.' அப்புறம் ஆம், இல்லை. அப்புறம் இரண்டில் ஒன்று: 'இஸ் இட் ரெட் ஆர் புளூ?' இந்தக் கேள்வியிலேயே பதிலுக்கான சொல் இருப்பதால் பிள்ளை துணிந்து சொல்லும். கடைசியில்தான் 'வாட் கலர் இஸ் இட்?' ஜோடியில் இந்தப் பிள்ளையை வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளையோடு போடாதீர்கள், பொறுமையான பிள்ளையோடு போடுங்கள்.

எட்டாம் வகுப்பில் கூட்டி வாசிக்க வராத பிள்ளை வேறு வகை. பாடம் நடக்கும்போது ஒளிந்துகொள்ளப் பழகியிருக்கும். பக்கத்திலிருப்பவரின் நோட்டைப் பார்த்து அழகாக எழுதும், வாசிக்கச் சொன்னால் கண்ணாடி மறந்துவிட்டது என்று சொல்லும். ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, பொருளில்லாத பத்துப் போலிச் சொற்களை வாசிக்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்: மிப், நஸ்க், ஃபிம் மாதிரி. மனப்பாடம் உதவாத இடம் அது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்பின் ஒலிவரிசைதான் தேவை, ஆனால் தொடக்க வகுப்பின் படப்புத்தகம் கூடாது. விளையாட்டு வீரர்களின் பெயர், கைபேசியில் வரும் சொற்கள், கடைப் பலகைகள் என்று வயதுக்கேற்ற சொற்களில் அதே ஒலிகளைப் பழக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரத்தைவிட நாள்தோறும் 15 நிமிடம் பலன் தரும். மற்றவர்கள் கண்ணில் படாத இடத்திலும் நேரத்திலும் நடத்துங்கள்.

ஆசிரியருக்கே ஆங்கிலம் சரளமாக வராது என்றால், பீரியடுக்கு வேண்டிய கட்டளை வாக்கியங்கள் பத்தை முந்தின நாளே எழுதி, சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் கைபேசியில் அகராதியைத் திறந்து, ஒலியைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்கலாம். பிள்ளைகளும் அதே பழக்கத்தை எடுத்துக்கொள்வார்கள்.

பேச்சில் முன்னேற்றம் இருக்கிறதா என்பதை எழுத்துத் தேர்வு காட்டாது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரே படத்தைப் பார்த்து 1 நிமிடம் பேசுவதைப் பதிவு செய்து வையுங்கள். பருவம் முடிந்ததும் அதே அளவில் வேறொரு படம், மறுபடி 1 நிமிடம். எத்தனை சொல் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை முழு வாக்கியம் என்று மூன்றை மட்டும் எண்ணினால் போதும். மதிப்பெண் போட வேண்டாம். இரண்டு பதிவையும் பிள்ளையிடமே அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, முன்னே சொல்லத் தெரியாமல் நின்ற இடத்தில் இப்போது என்ன சொல்லியிருக்கிறது என்று அதையே சொல்ல விடுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கும் இந்தப் பதிவுகளையே எடுத்துப் போகலாம்.